நீங்கள் போட்ட உப்பு

உங்கள் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்துவிட்டது. புதிது வாங்க மனமில்லை. நேற்றுப் பின்னேரம் அதற்குக் கீழே இருந்துதான் நானும் மகளும் தொலைக்காட்சியில் ஒரு சினிமா பார்த்தோம். அதில் புருஷன்காரன் வீட்டுச் சாமான்களை ஒளித்து வைக்கிறான். தேடி அலையும் மனைவியிடம், உனக்குத்தான் ஞாபகமில்லை என்று உருகி உருகிச் சொல்கிறான். உங்களை மாதிரியே நல்ல நடிகன். நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, வற்றாப்பளைக் கோயிலிலை பொங்கலுக்கை உப்புக் கொட்டினது அப்பாதான். நான் கண்டனான். சொன்னா அம்மாக்கு வருத்தம் கூடிப்போகும் எண்டு வெருட்டினவர்" என்றாள். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளை அதைச் சுமந்திருக்கிறாள்.

கண்ணகை அம்மனுக்கு நான் வைத்த நேர்த்திப் பொங்கல் அது. படைக்க முதல் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன் என்று தெரிந்துதானே அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தீர்கள்? வீட்டுக் கறியென்றால் ருசி பார்த்துப் பிடித்திருப்பேன். படைத்து முடிந்ததும் உங்கள் அக்கா ஒரு வாய் வைத்துத் துப்பினா. நீங்கள் எல்லாருக்கும் முன்னால் என் தலையைத் தடவினீர்கள். "பாவம், சண்டையிலை பட்ட செல் துண்டு இன்னும் தலைக்குள்ளை கிடக்குது. உப்பும் சர்க்கரையும் தெரியேல்லை. என்ன செய்யிறது?" அந்தத் தடவலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றே உங்கள் அக்கா நம் மகளை மாங்குளத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனா. "பிள்ளையை இவளிட்டை விடேலாது" என்றா. நானும் நம்பினேன். என் சீதனக் காணியை விற்க விடமாட்டேன் என்று அதுவரை நின்றவள், நீங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். காணி போன பிறகுதான் பிள்ளை வீடு வந்தாள். "இப்ப உமக்குக் கொஞ்சம் சுகம்" என்றீர்கள்.

செத்தவரைத் திட்டக் கூடாதாம். திட்டாமல் என்ன செய்வது? நீங்கள் போன பிறகும், அடுப்பை அணைத்தேனா என்று குசினிக்குத் திரும்பத் திரும்ப ஓடியவள் நான்.

இன்று காலை முற்றத்தில் அம்மனுக்குப் பொங்கினோம். செல் துண்டு இன்னும் தலைக்குள்தான் இருக்கிறது. பானையை இறக்கும்போது மகள் பழக்கதோஷத்தில் கேட்டாள்: "சர்க்கரைதானே அம்மா போட்டனீங்கள்?"

ருசி பார்க்காமலே சொன்னேன்: "ஓம். சர்க்கரைதான்."