தம்பி ‘செட்டில்’ என்றான்

தேயிலைத் தோட்டம், ரிங்லெட்
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி குணாளனுக்கு,

அக்கா விக்னேஸ்வரி எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீ நலமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் நீலக் கோடு விழுகிறது, அதற்குமேல் ஒன்றும் விழுவதில்லை. தபாலையாவது பிரித்துப் பார்ப்பாய் அல்லவா?

இங்கே மழை விடவில்லை. துணி காய்வதில்லை. உன் மருமகள் ப்ரியா பேச ஆரம்பித்துவிட்டாள். பூனையைப் பார்த்தாலும் “மாமா” என்கிறாள், கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த வீட்டுக் கந்தசாமி அண்ணன் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். தீபாவளியன்று நீ காரைப் பின்னால் எடுத்தபோது அவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஹாரன் அடித்திருக்கிறார். நீ பாட்டுப் போட்டிருந்தாய், காதில் விழாமல் இடித்துவிட்டாய். வேண்டுமென்றே செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நீ என்ன செய்தாய்? கடைக்கார மைதீன் பாயைத் தூது விட்டு, போலீஸுக்குப் போக வேண்டாம் என்று பேசி முடித்து, பழக்கூடையை என் கையில் திணித்துவிட்டு, மறுநாளே ஜோகூருக்கு வண்டியைக் கிளப்பிவிட்டாய். அடுத்த வீட்டுப் படி ஏறவில்லை. நம் தோட்டத்து லைன் வீடுகளில் யார் நோயில் படுத்தாலும், போய்ச் சற்று உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு வருவோமே, மறந்துவிட்டதா? பகையாளி வீட்டில்தான் தண்ணி குடிக்க மாட்டோம்.

அவர் சம்சாரம் குமுதா அண்ணி என்னிடம் எப்போதும் போலத்தான் பேசுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொழுந்து வெட்டும் மெஷினை அண்ணனும் உன் அத்தானும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடப்பார்கள். இப்போது அந்தப் பக்கம் வேறு ஆள். அத்தான் வேலை முடிந்து வந்ததும் நேரே போய்ப் படுத்துக்கொள்கிறார்.

தை மாதம் ப்ரியாவுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி வேண்டும். நீ வந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போவோம். நானும் கூட வருகிறேன், பயப்படாதே.

அன்புடன்,
அக்கா

ஜோகூர் பாரு
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. “என்ன பாஸ், சம்மனா?” என்று ஸ்டோரில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

வேலை அதிகம், அதனால்தான் போன் எடுக்கவில்லை. அந்த விஷயம் செட்டில் ஆகிவிட்டது அக்கா. மைதீன் பாய் பேசினார், அண்ணன் சரி என்றார், செட்டில். நீ ஏன் கிளறுகிறாய்? இங்கே இரண்டு கார் மோதினால் இறங்கிப் பேசி, செட்டில் பண்ணிக்கொண்டு அவனவன் வழியில் போகிறான். யாரும் யார் வீட்டுக்கும் போய்த் தண்ணி குடிப்பதில்லை.

ப்ரியாவுக்குத் தோடு வாங்கிவிட்டேன், சிவப்புக் கல் வைத்தது. லீவு கேட்டிருக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
குணாளன்

ரிங்லெட்
22 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். “அவனுக்கு வேற வார்த்தையே தெரியாதா லா?” என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வார்த்தையை விட்டால் இந்த நாட்டில் யாருக்கும் பொழுது போகாது. மைதீன் பாய் கடையில் சாப்பிட்டு எழுந்தால் “செட்டில் ஆ?” என்பார், காசு கொடுத்தாயா என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போனால் “செட்டில் பண்ணிடலாம்மா” என்பார், அடுத்த மழைக்கும் ஒழுகும் என்று அர்த்தம். பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தால் செட்டில். ஜோகூரில் வேலை கிடைத்தது, நீ செட்டில். முட்டைக்கோஸ் ஏற்றிய பிரிஞ்சாங் லோரிக்காரன் கையைத் தட்டிக்கொண்டு அதையேதான் சொல்கிறான். உன் அத்தான் மட்டும் யோக்கியமா? குளித்துவிட்டு வெளியே வந்து “செட்டில்” என்பார், பாத்ரூம் காலி என்று அர்த்தம். நானும்தான் சொல்கிறேன். அந்த வார்த்தை மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் ஒரு மனுஷன் காலுக்குமா அது, தம்பி?

நேற்று அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்ண்ணே. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்று புளுகினேன்.

“கேப்பான், கேப்பான். நல்ல பையன் லா.”

அவர் நம்பினாரோ இல்லையோ, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொடியில் கிடந்த ஈரத்துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

காது குத்து ஜனவரி 26, ஞாயிறு. நீ அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

அக்கா

ஜோகூர் பாரு
11 ஜனவரி 2025

அக்கா,

நேராகவே சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று அண்ணன் கீழே கிடந்தபோது குமுதா அண்ணி ஓடிவந்து என் கார் கதவைத் தட்டினார். “தம்பி, இறங்கி வா, ஒரு கை புடி” என்றார். என்னால் இறங்க முடியவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீயும் மற்றவர்களும் வந்த பிறகுதான் இறங்கினேன். உனக்கு அது தெரியாது. அண்ணிக்குத் தெரியும். அந்த வீட்டில் என்ன முகத்தோடு தண்ணி வாங்கிக் குடிப்பேன்?

இருந்தாலும் வருகிறேன். 25ஆம் தேதி சனிக்கிழமை கிளம்புகிறேன். நானே போய் அவர்களிடம் சொல்கிறேன்.

குணாளன்

ரிங்லெட்
28 ஜனவரி 2025

தம்பிக்கு,

காது குத்து நல்லபடியாக முடிந்தது.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. உன் போன் ஆஃப் ஆகியிருந்தது. கோயில் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் மெசேஜ் வந்தது. மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வந்துவிட்டாய், மலை ஏற முடியவில்லை, திரும்பிப் போகிறாய், தோட்டை மலைக்கு வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டாய். அதை அத்தானிடம் காட்டக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஆசாரி “தாய்மாமன் யாருங்க?” என்று கேட்டார். லைனே என் முகத்தைப் பார்த்தது. அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“நான் இருக்கேன்ல. விக்னா என்னை அண்ணன்னுதானே கூப்புடுறா? கொண்டாங்க புள்ளைய” என்றார் கந்தசாமி அண்ணன்.

ஊன்றி நடக்கும் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். கம்பி வைத்த காலை நேராக நீட்டிக்கொண்டு, மறு தொடையில் ப்ரியாவை இருத்திக்கொண்டார். ஊசி இறங்கியதும் பிள்ளை துள்ளி உதைத்தாள். உதை அந்தக் காலிலேயே விழுந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பிள்ளையை விடவில்லை. “ஒண்ணுமில்லடா, மாமா இருக்கேன்” என்றார். உன்னைக் கேட்டவர்களிடம், “லீவு கெடைக்கலயாம்” என்று அவரே சொன்னார்.

கார் கதவு விஷயத்தைக் குமுதா அண்ணியிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “தெரியும் விக்னா. உள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். பயந்துட்டான், பாவம்” என்றார். இத்தனை நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை தம்பி. அவர்கள் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டார்கள். நீ ஒரு மலை ஏறி வந்திருந்தால் போதும்.

தோடு வந்து சேர்ந்தது. ப்ரியாவுக்குப் போடவில்லை, ஆசாரி போட்ட கம்பியே இருக்கட்டும். கேட்டால் திருப்பி அனுப்புகிறேன்.

இனி அவளுக்குத் தாய்மாமன் சீர் எது வந்தாலும் அடுத்த வீட்டைத்தான் கூப்பிடுவேன். அத்தானும் சரி என்றுவிட்டார். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீயும் வா. உனக்கும் தகவல் சொல்லி அனுப்புவேன், வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

விக்னேஸ்வரி