தறி நின்றபோது கேட்ட பாட்டு

மாப்பிள்ளை,

இன்று காலை பேரனின் போனில் எவனோ ஒருவன் மூச்சு விடாமல் படபடவென்று பாடிக்கொண்டிருந்தான். "இதுதான் ராப்பு, தாத்தா" என்றான் பேரன். குடியை விட முடியாதவன் தன்னைத்தானே திட்டிக்கொள்கிற பாட்டாம். தொண்ணூறுகளிலேயே அருப்புக்கோட்டைத் தறி ஷெட்டில் நீங்கள் பாடியது வேறென்ன?

திருச்சுழியில் சாராயமே கதியென்று கிடந்த உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிப்பதில்லை என்று கையில் கயிறு கட்டவைத்தாள் என் தங்கை. பிறகு நான் வேலை பார்த்த ஷெட்டிலேயே சேர்த்துவிட்டாள். "அண்ணே, அவுக உன் கண்ணுலயே இருக்கட்டும்" என்றாள்.

கயிற்றை ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. நான் யாரைத்தான் நம்பினேன்? தறிச் சத்தத்தில் காதோடு வாய் வைத்தால்தான் பேச்சுக் கேட்கும். அது எனக்கு வசதியாகிப்போனது. "மாப்ள, நூலு அறுந்திருக்கு பாருங்க" என்று சொல்லும் சாக்கில் நாளைக்கு நாலு தடவை உங்கள் வாயை மோந்தேன். சாராய வாடை வரவில்லை. வராததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தேன். சைக்கிள் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். நீங்களோ தறியின் தாளத்துக்கு உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பீர்கள். என்னைத்தான் ஏசுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போனது. அத்தனை தறியும் ஒன்றாக நின்றது. கண்ணை மூடியிருந்த நீங்கள் நிற்கவில்லை.

"வாய மோந்து பாக்குறாரு மச்சான் மச்சான் – என்
வகுறு எரியிறது தெரியலையே மச்சான்!
இருமலே இல்லாம மருந்தக் குடிக்கிறேன்,
இழுத்து நிறுத்துங்க, போறேன் மச்சான்!"

முதல் வரிக்கே ஷெட்டு விழுந்து விழுந்து சிரித்தது. மற்ற மூன்றும் என் காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை. அதுவரை மரியாதை குறையாமல் பேசிய நான், "ஏலே, நான் உனக்குக் கேலியாப் போயிட்டனா?" என்று கத்தினேன்.

"கேலி இல்ல மச்சான். முழுசாக் கேளுங்க."

"வேலையப் பாரு" என்றேன். அதற்கப்புறம் உங்கள் பக்கமே நான் வரவில்லை.

அடுத்த மாசம் தறியடியிலேயே சரிந்தீர்கள். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், காரியாபட்டி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து தேடினால், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருமல் மருந்துப் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன. கயிற்றுக்கு நீங்கள் துரோகம் செய்யவில்லை மாப்பிள்ளை. சாராயத்தை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. போதைக்குக் குடித்தால் மருந்தும் குடிதான் என்று கட்டச் சொன்னவளுக்கும் தோன்றவில்லை, மோந்து பார்த்த எனக்கும் தோன்றவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கரண்டு போன அன்று தங்கை உங்களுக்குச் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்டது சிரிப்பையும் என் கத்தலையும்தான். "அப்படி என்னண்ணே பாடுனாக?" என்றாள். "சினிமாப் பாட்டும்மா" என்றேன். நீங்கள் போன பிறகும் அதையே கேட்டாள். போன வாரமும் கேட்டாள். "சினிமாப் பாட்டுக்கா என் புருசன ஏலேன்னு சொன்ன?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வரியும் எனக்குப் பிசகாமல் நினைவிருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், காப்பாற்றச் சொல்லி நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.