பதில் இல்லை என்று மூடினார்கள்

கணினியில் நாம் வாசிக்கும் நம் சிந்தசைசர் மென்பொருளின் புதுப் பதிப்பைத் திறந்தால் முதல் திரையிலேயே உன் பெயர் வருகிறது. கட்டைகளின் படத்துக்கு மேலே, ‘இந்தப் பதிப்பு இவர் நினைவுக்கு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. போன ஞாயிறு காலையில் பார்த்தேன். நியாயமாய்க் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப்பை மூடிய சத்தத்தில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதற்குப் போய் என்ன கோபம் என்று கேட்பாய். நீ கேட்பாய், அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

இலவசம், எல்லோருக்கும் சொந்தம், யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து திருத்தலாம் என்று சொல்லித்தானே கல்லூரி நாளில் என்னை அதற்குள் இழுத்துவிட்டாய்? திருத்தலாம்தான். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது வேறு தேசங்களில் இருக்கும் நாலைந்து பேர் என்பதை மட்டும் நீ அழுத்திச் சொல்லவில்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்த மென்பொருள் பூங்காவின் சறுக்குமரம் மாதிரி ஒரே சீராக வழுக்கும். நம் பாட்டு அப்படிப் போகாது. தயங்கும், கொஞ்சம் மேலே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும். உன் மாட்டுங்கா வீட்டு ஹாலில் முனகிக்கொண்டே, ஒரு கையைக் காற்றில் ஆட்டி ஆட்டி அதற்கான நிரலை எழுதினாய். “இவருக்குப் பிராந்து பிடிச்சுடுத்துண்ணா” என்று உன் மனைவி என்னிடம் காபியை நீட்டினாள்.

தாராவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதைப் போட்டுத்தான் கீபோர்டு வாசித்தேன். பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் விருட்டென்று திரும்பி, “யாருடே அது, என் நாயனத்த எடுத்து ஊதுதது?” என்று கேட்டார். கூட்டத்தில் நின்ற உன் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே. மறுநாளே அந்த நாலைந்து பேருக்கு அனுப்பிவிட்டாய்.

சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இது யாருக்குப் பயன்படும் என்று கேட்டார்கள். விளக்கினாய். இதற்குள் எங்கள் மென்பொருளின் நிரல் மாறிவிட்டது, அதற்கேற்பச் சரிசெய்து அனுப்பு என்றார்கள். செய்தாய். அவர்கள் எடுத்துப் பார்ப்பதற்குள் மறுபடி மாறியிருக்கும், மறுபடி சரிசெய்வாய். வருஷக்கணக்கில் இதே கதை. ஒவ்வொரு பதிலின் கீழும் தவறாமல் நன்றி வேறு. தாதர் ரயில் பாலத்தில் நின்று, நீ என்ன அவன் வீட்டு வேலைக்காரனா என்று உன்னைப் பிடித்துக் கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவாளும் ஆபீஸ் போயிட்டு வந்து சும்மாதான் பண்றாடா. கோச்சுக்கப்படாது” என்றாய்.

“நீயும் சும்மாதானல செய்யுத?”

ரயில் வந்தது, படியிறங்கிப் போய் ஏறிவிட்டாய்.

கடைசி முறை அதைச் சரிசெய்தது செம்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, மறு கையால் தட்டினாய். லேப்டாப்பை நான் பிடித்துக்கொண்டேன். முடித்துவிட்டு, ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று எழுதினாய். யாருடைய பொறுமைக்கு யாரடா நன்றி சொல்வது?

நீ போன பிறகு அதில் ஏதோ சின்னச் சந்தேகம் கேட்டிருந்தார்கள். பழைய கோரிக்கைகளைக் கூட்டிப் பெருக்குவதற்கென்று அங்கே ஒரு தானியங்கி வைத்திருக்கிறார்களே, அது சில வாரம் பார்த்துவிட்டு, ‘அனுப்பியவரிடமிருந்து பதில் இல்லாததால் மூடப்படுகிறது’ என்று எழுதி மூடிவிட்டது. எந்திரத்தை நான் என்ன சொல்ல? மனிதர்கள் இருந்தார்களே! நீ இறந்த செய்தியை நானே அவர்களுக்கு எழுதினேன். உருகி உருகி இரங்கல் அனுப்பினார்கள். உன் பெயரைத் திரையில் போட அவர்களுக்கு யோசனை வந்தது. மூடிக் கிடந்ததைத் திறந்து பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இணையப் பக்கத்தில் போட உன் படம் ஒன்று வேண்டுமாம். ஞாயிறு சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உன் மனைவி போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நீ சிரிக்கிற ஒன்றில் நிறுத்தினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

“ஃபோட்டோ குடுக்கறது பெரிசில்லைண்ணா. அவர் கேட்டதை அவா குடுத்தாளா?”

இல்லை என்றேன்.

“அப்போ இதுவும் வேண்டாம்.”

அங்கேயே, அந்த ஹாலிலேயே உட்கார்ந்தேன். உன் நிரலை எடுத்து இன்றைய நிலைக்குச் சரிசெய்து மறுபடி அனுப்பினேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர், பதில் சொல்கிறவர் என்ற இடத்தில் என் பெயர். படம் தர மாட்டோம், இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரையிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மேலே எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன், ஆனால் நன்றி போடவில்லை.

இன்று பதில் வந்திருக்கிறது. சேர்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் தானாக வேலை செய்யாதபடி அணைத்து, செட்டிங்ஸுக்குள் எங்கோ ஒரு மூலையில் வைப்பார்களாம். வேண்டியவர்கள் தேடிப்போய்ப் போட்டுக்கொள்ளலாமாம். நீயாக இருந்தால் அந்த நிமிஷமே ‘சரி, நன்றி’ என்றிருப்பாய். உன் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கிறது, நானும் அதைத்தான் தட்டினேன். பிறகு அழித்துவிட்டு ‘முடியாது’ என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் நம் பக்கத்திலிருந்து அப்படி ஒரு வார்த்தை போனதே இல்லை.

சேர்ப்பார்களோ, இழுத்தடிப்பார்களோ தெரியவில்லை. நீ படாமல் விட்டுப்போன கோபமெல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, எனக்கு அது கனக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் சரிசெய்து அனுப்புவேன். பதில் இல்லை என்று இனி அதை யாரும் மூட முடியாதல. நான் இருக்கேன்.