உள்ளே ஒரு குடித்தனம்

பிப்ரவரி 3

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் கணினியைக் காணோம். கேட்கவில்லை, சொல்லவில்லை. மேசையில் புதுசு ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கம்பெனி முழுக்க மாற்றுகிறார்களாம். இனிமேல் எல்லாருக்கும் ஒரே சிஸ்டம். நல்லது. ஆனால் சாக்ஸுக்கு டிசைன் போடும் என் மென்பொருள் அதில் ஓடாது. அது பழைய சிஸ்டத்தைத் தவிர வேறெதையும் மதிக்காது. இதைப் போன மாதமே மேலாளரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் ஆட்டுவார்.

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழே பின்னல் இயந்திரங்களின் சத்தம், மாடியில் நான் மட்டும். ஒரு காலத்தில் இந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருவர் ஓய்வு பெற்றார். புதிதாக யாரையும் போடவில்லை. “உங்க வாய்க்கு யாருங்க தாக்குப்பிடிப்பா?” என்று மேற்பார்வையாளர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 5

கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் ஒயர், தோளில் ஒயர், பையிலிருந்து தொங்குவதும் ஒயர். பார்த்ததும் தூக்கணாங்குருவி என்று பெயர் வைத்துவிட்டேன், மனதுக்குள்தான்.

புது சிஸ்டத்துக்குள்ளேயே பழைய சிஸ்டத்தை ஓட வைத்துவிட்டாள். திரையில் ஒரு சின்னச் சட்டம் திறக்கிறது. அதற்குள் என் பழைய நீலத்திரை, என் பழைய மென்பொருள், எல்லாம் அப்படியே. இதெப்படி என்று கேட்டேன்.

“வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல குடித்தனம் வெச்ச மாதிரிக்கா. உள்ள இருக்கறவங்களுக்கு இது அடுத்தவங்க வீடுன்னே தெரியாது. மொத்தமும் தன்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க.”

கொடுத்துவைத்த ஆள் என்றேன். சத்தமாகச் சிரித்தாள். இந்த அறையில் இன்னொருவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். அண்ணன் பக்கத்திலேதான் இருந்திருக்கிறான். “நல்லா இருக்காளான்னு கேளு” என்று அங்கிருந்தே சொன்னது காதில் விழுந்தது. நல்லா இருக்கேன் என்று நானும் இங்கிருந்தே சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை வாட்ச்மேனிடம் “வரேன்” என்று சொன்ன பிறகு நான் வாய் திறந்தது அதற்குத்தான்.

பிப்ரவரி 12

டிசைனைப் பென் டிரைவில் ஏற்றித்தான் கீழே இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செருகினால், வெளியே இருக்கிற சிஸ்டம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பதன் கண்ணில் அது படுவதே இல்லை. புகார் போட்டேன். குருவி வந்தாள். மேலே ஒரு பட்டியலைத் திறந்து, பென் டிரைவின் பெயருக்கு நேராக ஒரு டிக். அவ்வளவுதான் வேலை.

வந்தவளுக்கு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். அலமாரியிலிருந்த இரண்டாவது கப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. அவள் இந்தக் கம்பெனி ஆளே இல்லையாம். ஏதோ ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் இருக்கிறாள். மார்ச் முடிவில் நிரந்தரம் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இல்லையென்றால் ஏஜென்சி வேறு ஊருக்குத் தூக்கிப்போடும். புருஷனுக்கு வேலை இங்கே, மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. “அப்பறம் நான் அங்க, அவங்க இங்கன்னு ஆயிடும்க்கா” என்றாள். பிறகு மகளின் திருட்டுத்தனங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். டீ ஆறிப்போயிற்று.

பிப்ரவரி 13

அந்த டிக் எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 19

இன்றும் புகார் போட்டேன். பென் டிரைவ் தெரியவில்லை என்று.

வந்தாள். பொறுமையாக மறுபடி காட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இந்த வயசுல இதெல்லாம் எங்க மண்டையில ஏறுது” என்றேன். எனக்கா ஏறாது? ஒரு பாதத்தில் எத்தனை பின்னல் கண்ணி, எந்த வரிசையில் எந்த நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்தாள். நேற்று மகள் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு, காற்று வெட்டிவிட்டது என்று சொன்னாளாம். வீட்டுக்கு வந்து அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 27

எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது என்று கூப்பிட்டேன். பெரிதாக்கினது நான்தான்.

மார்ச் 6

குருவி ஒரு வித்தை காட்டினாள். உள்ளே இருக்கிற சிஸ்டத்தை இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே படம் பிடித்துவைக்கலாம். பிறகு எது கெட்டாலும் அந்தப் படத்துக்குத் திரும்பினால் போதும், நடுவில் நடந்தது எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடும். படத்தை எடுத்தும் வைத்தாள். அன்றன்றைய டிசைனைச் சாயங்காலம் வெளியே இருக்கும் பொது ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். திரும்பினால், உள்ளே இருப்பது போய்விடுமாம்.

சரி சரி என்றேன். அடிக்கடி கெடுகிறதே என்று அவள் நெற்றியைச் சுருக்கினாள். “நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மென்று முழுங்கிவிட்டேன்.

மார்ச் 13

குளிர்காலத்துக் குழந்தை சாக்ஸ். பன்னிரண்டு டிசைன், பெரிய ஆர்டர். கரடி, நிலா, குடை. குடைதான் படுத்துகிறது. கணுக்கால் பக்கம் வந்ததும் காளான் மாதிரி ஆகிவிடுகிறது.

மார்ச் 18

வேண்டாத வேலை. எதற்கு எனக்கு இது?

பன்னிரண்டும் முடிந்தது. சந்தோஷம். யாரிடம் காட்ட? கீழே போய் மேற்பார்வையாளரிடம் காட்டினால் “ம்” என்பார். அதனால் உள்ளே ஏதோ ஒரு அமைப்பை அணைத்துவிட்டு, திரையே வரவில்லை என்று புகார் போட்டேன். குருவி ஓட்டமாக வந்தாள். கீழே இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்களாம். தட்டிப் பார்த்தாள், நேரமில்லை, பழைய படத்துக்கே திரும்பிவிடலாம் என்றாள்.

“டிசைனெல்லாம் வெளிய எடுத்து வெச்சாச்சாக்கா?”

ஆச்சு ஆச்சு என்றேன். டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மகள் மரமாக நடித்த கதையில் பாதியில் இருந்தாள் அவள். முழுக்கதையும் கேட்கிற ஆசை எனக்கு. நகல் எடுக்க நேரமாகிறது என்று ஒரு வாரமாக நான் எதையுமே வெளியே போடவில்லை என்பது அந்த நிமிடம் நினைவிலேயே இல்லை.

அவள் போன பிறகு திறந்து பார்த்தேன். கரடி இல்லை, நிலா இல்லை. ஒண்ணுமே இல்ல. ஆறாம் தேதியோட எல்லாம் நிக்குது. படுபாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 19

மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நாளைக்கு இயந்திரம் ஓட வேண்டியது, டிசைன் எங்கே என்றார். இப்போது தலையை ஆட்டவில்லை. பிறகு புகார்ப் பட்டியலை எடுத்தார். கம்பெனியிலேயே அதிகம் என் அறையிலிருந்துதான். “ஒரு ரூமையே உங்களால சரியா வெச்சுக்க முடியலையே, உங்கள எப்படி நிரந்தரம் பண்றது?” என்று அவளைக் கேட்டார்.

குருவி என்னைப் பார்த்தாள். ஆச்சு என்று நான் சொன்னதை அவள் சொல்லலாம். சொன்னால் தீர்ந்தது. “நான் ஒரு தடவ திறந்து பாத்துட்டு செஞ்சிருக்கணும் சார்” என்று மட்டும் சொன்னாள்.

நான்? கல்லுளிமங்கி மாதிரி நின்றேன். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள்.

மார்ச் 21

பன்னிரண்டையும் நினைவிலிருந்தே மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டேன். இயந்திரம் ஓடுகிறது. ஆர்டர் தப்பியது. அவள் தப்பவில்லை. அவள் பெயரை ஏஜென்சிக்கே திருப்பி எழுதப்போகிறார்களாம். டீ கொண்டுவருபவர் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்கிற பயம் எனக்கு இல்லை. சாக்ஸ் இருக்கிறவரை நானும் இருப்பேன். பொய் சொல்லிச் சொல்லித்தான் அவளை மாடி ஏற வைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான். அதற்காக ஒரு குடும்பத்தை இரண்டு ஊராக்குவேனா?

மார்ச் 23, ஞாயிறு

அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“ஒருத்தர் வீட்டுப் படி நீ என்னைக்காவது ஏறியிருக்கியா? கல்யாணம் கருமாதின்னு எதுக்கும் வரமாட்டே. எல்லாரும் உன்னைத் தேடி வரணும். வரலேன்னா, வரவெப்பே.”

இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் போனை எடுக்கமாட்டாய் என்றார். உண்மைதான்.

மார்ச் 24

மேலாளரிடம் சொன்னேன். பென் டிரைவிலிருந்து ஆச்சு ஆச்சு வரை. பக்கத்தில் குருவியையும் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னேன், அவள் இல்லாதபோது சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று. மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. “அதுல உங்களுக்கு என்னங்க லாபம்?” என்றார். பேச ஆள் இல்லை சார் என்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் குருவி படிக்கட்டில் நின்றாள்.

“கூப்பிட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனேக்கா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. “ஒவ்வொரு தடவையும் நான்தான் தப்பா போட்டுட்டேன்னு வீட்டுல போய் யோசிச்சுக்கிட்டே கெடப்பேன். எனக்கு இந்த வேலை வராதோன்னு தோணிப்போச்சு. அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. அதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் டீ, என் அறை, என் பொழுது. அழுதேன். அவள் அழவில்லை, இறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 31

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அறிவிப்புப் பலகையில் நிரந்தரமானவர்கள் பட்டியல். அவள் பெயர் இருக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4

கணினி ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுகிறது. புகார் போட எதுவுமில்லை. யாரும் வரவில்லை. கீழே இயந்திரங்கள் நின்ற பிறகு என் மின்விசிறியின் சத்தம் கேட்கிறது.

ஏப்ரல் 9

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பின்னல் கூடத்தைத் தாண்டி, சரக்கு அறையைத் தாண்டி, கடைசியில்தான் கணினிப் பிரிவு. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஜன்னல் இல்லாத அறை, சுவரோரம் கழற்றிப்போட்ட கணினிகள். குருவி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “என்ன கெட்டுப்போச்சு?” என்றாள், பழைய குரலில் இல்லை.

“ஒண்ணும் கெடல” என்றேன். “சாப்பிட வந்தேன்.”

அவள் டப்பாவை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை, நின்றேன். அவள் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு எழுந்து, பக்கத்து நாற்காலியில் குவிந்துகிடந்த பழைய கீபோர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.