பிரேக்கில் பட்ட எண்ணெய்

சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள ரூபேஷுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் பல்லவியும் சுகமாக இருப்பீர்கள். வியாழக்கிழமைதான் போனில் உங்கள் இரண்டு பேர் குரலையும் கேட்டேன், இருந்தாலும் பேனாவை எடுத்தால் அதை விசாரிக்காமல் அடுத்த வரிக்குப் போக மனசு வரவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மழை ஈரத்துக்கு முட்டி மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, முன்னறையில் தும்மினால் சமையலறையில் கேட்கும். நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இதுவோ அவர் காதில் விழக்கூடாத சங்கதி. பக்கத்து வீட்டு ஃப்ளோரா அக்கா தன் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இப்போது அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

நீ கனடா போன புதிதில் உன் மலை சைக்கிளும் அதன் சாமான்களும் வீடு முழுக்கக் கிடந்தன. ஹெல்மெட் பிரிட்ஜ் மேலே, முட்டிக் கவசம் துணிக்கொடியில், டயர்கள் கட்டிலுக்கு அடியில். பெருக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. நீ சைனைடு மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போன காலத்தில், சுரங்கத்து மண்ணைக் கொட்டிவைத்த இடத்தில் உருண்டு புரண்டு வருவதற்கு இப்படி ஒரு சைக்கிளா என்று முணுமுணுத்தவர்தான். நீ போன பிறகு பேக்டரி நண்பரிடம் பழைய பைப் வாங்கி, வளைத்து, முன்னறைச் சுவரில் கொக்கி அடித்தார். தரையில் நிறுத்தினால் ஒரே இடத்தில் பாரம் விழுந்து டயர் கெட்டுவிடும் என்று சைக்கிளைத் தொங்கவிட்டார். உதிரி டயர்களை வெயில் படாமல் என் பழைய புடவையில் சுற்றினார். கவசங்களைத் துவைத்து நிழலில் காயவைத்து, அந்துருண்டை போட்டால் ஸ்பாஞ்சில் நாற்றம் ஏறிவிடும் என்று வேப்பிலை போட்டுக் கட்டினார். ஒரு பலகையில் ஸ்பேனர்களை வைத்துச் சுற்றி வரைந்து, எது இல்லையென்றாலும் வெற்றிடம் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மறுபடி ஏற்றுவார். இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம் என்று கேட்டால், “சும்மா தொங்கவுட்டா ரப்பர் செத்துடும்” என்பார். இதெல்லாம் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாவது சொல்லியிருக்கலாம், என்னவோ விட்டுப்போயிற்று.

போன வருஷத்துக் கடைசியிலிருந்து சின்னச் சின்னதாக மாற்றம் தெரிந்தது. ஸ்பேனரை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு என்னைக் கேட்பார். உன் கையுறை ஒருமுறை பிரிட்ஜில் கீரைக் கட்டோடு இருந்தது, நானும் ஃப்ளோரா அக்காவும் சிரித்தோம். வயசானால் வருகிற மறதி என்று நினைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை இறக்குகிற சைக்கிளை வாரம் ஒருமுறை இறக்கினார், பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பொழுது போகாமல் செய்கிறார் என்று அதையும் விட்டுவிட்டேன்.

உன் சிநேகிதன் மஞ்சுநாத் விழுந்த விஷயம் உனக்குத் தெரியும். சறுக்கிவிட்டான் என்று மட்டும் போனில் சொன்னேன். நடந்தது இதுதான். அவன் சைக்கிள் ரிப்பேரில் இருந்தது, பேத்தமங்களா ஏரி வரைக்கும் பையன்கள் எல்லாம் சேர்ந்து போகிறார்கள், உன்னுடையதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று வந்து கேட்டான். உன்னிடமும் கேட்டதாகச் சொன்னான். அப்பாதான் சந்தோஷமாக இறக்கிக் கொடுத்தார். தெருவிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறான், பிரேக் கொஞ்சம் வழுக்குகிற மாதிரி இருந்ததாம், ரொம்ப நாள் ஓடாத வண்டி, நாலு தடவை பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தானாம். கிளம்புவதற்கு முன் மேட்டில் ஏறி ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம் என்று போனார்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. மழைத்தண்ணீர் அறுத்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி அவனைத் தூக்கி எறிந்துவிட்டது. உன் ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, காறை எலும்பு முறிந்துவிட்டது.

மற்ற பையன்கள் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அப்பா வெளியே வந்து குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினார். பிரேக் பிடிக்கிற அந்தத் தட்டில் விரலை வைத்துத் தடவி மூக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரிந்த பழைய பேக்டரி இன்ஸ்பெக்டர் முகமாக மாறியது. “எவன்டா இந்த வேலை செஞ்சவன்? டிஸ்க்குல எண்ணெய வுட்டு வச்சிக்கீறான். ஒரு உசுரு போயிருந்தா இன்னா பதில் சொல்வான்? நம்ம ஷாப்பா இருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன்” என்றார். ரூபேஷ், அதற்கு முந்தின நாள் அவர் எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்து, சங்கிலியில் விட்டுவிட்டு அப்படியே தட்டுகளுக்கும் விட்டு, அதே துணியால் பளபளவென்று துடைத்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பெரிய பெரிய மண்வாரி வண்டிகளுக்கு பிரேக் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மனுஷர், அதில் எண்ணெய் படக்கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியாமல் போகுமா. அவர் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மஞ்சுநாத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் அம்மா ஏதாவது கேட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் கன்னடமும் தமிழுமாக, “பரவாகில்லா ஆன்ட்டி. எலும்பு சேர்ந்துடும். அங்கிளுக்கு மட்டும் தெரிய வேணாம், தாங்க மாட்டாரு” என்றான். அவன் அம்மாவிடமும் சறுக்கியதாகவே சொல்லியிருக்கிறான்.

அடுத்த வாரம் ஃப்ளோரா அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அப்பாவைக் காலை ரயிலில் பெங்களூரு கூட்டிப்போனேன். எனக்கு முட்டி பார்க்க என்று சொல்லித்தான். டாக்டரம்மா அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது, எண்களை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார். அவமானமாக இருந்திருக்கும் போல, அதே தாளின் ஓரத்தில் யாரும் கேட்காமலே ஒரு பிரேக் டிரம்மை உள்பாகங்களோடு வரைந்து டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார். மறதி நோய் தொடங்கிவிட்டது, மருந்து வேகத்தைக் குறைக்கும், போன நினைவைத் திருப்பித் தராது என்றார்கள். ரயிலில் திரும்பும்போது பங்காருபேட்டை தாண்டியதும் அப்பா என் முட்டியைத் தொட்டு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

வந்ததும் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எண்ணெயைப் பூட்டிவைத்து, அவர் குளிக்கும்போது சைக்கிளை ஃப்ளோரா அக்கா வீட்டுப் பின்பக்கம் தள்ளிவிட்டேன். வெறும் கொக்கியைப் பார்த்தவர் பையன் வண்டி திருட்டுப்போய்விட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். “அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது” என்று அதையே சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மஞ்சுநாத் தோளில் கட்டோடு வந்துதான் ஒரு வழி செய்தான். தன் நண்பனை வைத்துச் சக்கரங்களையும் தட்டுகளையும் பிரேக் கட்டைகளையும் கழற்றி, கோணியில் கட்டிப் பரண்மேல் டிரங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். வெறும் சட்டமும் சங்கிலியும் மறுபடி சுவருக்கு வந்தன. “அங்கிள், சக்கரம் வளஞ்சிருக்கு, கோட்டம் எடுக்கப் போயிருக்கு, நீங்க சங்கிலியப் பாத்துக்குங்க” என்றான். அப்பா தலையாட்டினார். டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே ஹெல்மெட், கையுறை, கவசம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாசித்துப் பார்த்துச் சரியாகவே மாட்டுகிறார். நீ வந்து ஓட்ட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, புது பிரேக் கட்டை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அது மஞ்சுநாத்துக்குத் தெரியும்.

நேற்று ஒன்று நடந்தது. ஃப்ளோரா அக்கா விடைபெற வந்திருந்தார். அப்பா சட்டத்தைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சொல்கிறார், “எம் பையன் இதுல மேட்டு உச்சியிலிருந்து எறங்குவான். நான் பார்த்துக்கீறேன். மொத பள்ளத்துல எல்லாரும் கால ஊணுவானுங்க, இவன் ஊண மாட்டான். நான் ரோட்டாண்ட மரத்துப் பக்கமா நின்னுக்கினு இருந்தேன். பார்த்தா திட்டுவேன்னு பயந்துக்குவான், அதனால கூப்புடல.” நான் கொண்டுவந்த காபித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உன் போட்டிகளுக்கு ஒன்றுக்குக்கூட அவர் வரவில்லை என்று நீ எத்தனை தடவை என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது நிஜமாக நடந்ததா, நோய் உண்டாக்கிக் கொடுத்த நினைவா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் பள்ளத்தில் நீ கால் ஊன்றினாயா இல்லையா என்பது உனக்குத் தெரியும். வேலை, லீவு எல்லாம் இருக்கும், தெரியாமல் இல்லை. ஆனாலும் சீக்கிரம் புறப்பட்டு வா கண்ணு. வந்து நீயே அவரைக் கேள். இன்றைக்குக் கேட்டால் சொல்கிறார்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் வாழ அம்மாவின் ஆசீர்வாதம். பல்லவியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இனிமேல் எங்களுக்குக் காலை நேரமாகப் பார்த்துப் போன் செய், மத்தியானத்துக்கு மேல் அப்பாவுக்குக் குழப்பம் அதிகமாகிறது. மஞ்சுநாத் கையைப் பற்றி அவர் பேச்செடுத்தால், சறுக்கி விழுந்தான் என்று மட்டும் சொல்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா
பாக்யலட்சுமி தசரதன்