பெயர்ப்பலகை இல்லாத மாடி

மார்ச் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

போனில் என் குரலை மோந்து பார்க்கத் தெம்பில்லை, எழுதினால் படிக்கிறேன் என்றாய். எழுதுகிறேன். கோடு போடாத தாள்தான். எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, குடியை விட்டவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டம், அதைத் தேடி நேற்றுச் சாயங்காலம் அலைந்தேன். டயர் கடைக்கு மேலே மாடி என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில் டயர் கடை மூன்று இருக்கிறது. வெட்கத்தை விட்டு ஒருத்தனிடம் கேட்டேன்: "குடிகாரங்க கூட்டம் எங்கண்ணே நடக்குது?"

"எல்லாத் தெருவுலயுந்தான் நடக்குது. உனக்கு எது வேணும்?" என்று சிரித்தான். சட்டையைப் பிடித்திருப்பேன்.

பிராந்திக் கடைக்கு எவனாவது வழி கேட்கிறானா? முனைக்கு முனை அம்புக்குறி. அதில் பாதி நான் எழுதிய பலகை. மஞ்சள் மேல் சிவப்பு, தூரத்திலிருந்தே கண்ணைக் குத்த வேண்டும் என்பார்கள். விட நினைக்கிறவனுக்கு இந்த ஊர் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை.

திரும்பிவிட்டேன். குடிக்கவில்லை. நம்புவது உன் இஷ்டம்.

பாப்பாவின் அப்பா

மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

எழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஆனால் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போன காரியத்தை விட்டுவிட்டுத் திரும்புவது உங்கள் வழக்கம். இந்த முறையும் அதேதான். மூன்று டயர் கடைதானே? மூன்று மாடியும் ஏறினால் கால் தேய்ந்துவிடாது.

"அப்பா என்ன பண்றாரு?" என்று பாப்பா கேட்டாள். "தேடிட்டிருக்காரு" என்றேன். எதை என்று கேட்பதற்குள் கண்டுபிடியுங்கள்.

சளி விட்டுவிட்டது.

பாப்பாவின் அம்மா

மார்ச் 25

பாப்பாவின் அம்மாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது கடை. பின்பக்கம் இரும்புப் படி. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத மின்விசிறி. ஒரு பஸ் ஓட்டுநர், அவரிடம்தான் சாவி. வெயில் போன பிறகும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் ஓர் அம்மா. இன்னும் நாலைந்து பேர். இரண்டு வியாழக்கிழமை போய்விட்டேன். வாயே திறக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "காலை ஆட்டாதப்பா, நாற்காலி கத்துது" என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கே ஆச்சரியம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு பலகை எழுதி மாடியின் முகப்பில் மாட்டிவிட்டேன். எட்டடித் தகரம், நீலத்தின் மேல் வெள்ளை. 'குடியை விட விரும்புவோர் கூட்டம். மாடிக்கு வரவும்.' பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். இனி எவனும் என்னைப் போல நாயாக அலைய வேண்டாம். வியாழக்கிழமை எல்லோரும் வந்து பார்த்து அசந்துபோகட்டும்.

பாப்பாவின் அப்பா

ஏப்ரல் 1

பாப்பாவின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். நீங்கள் சொல்வது பொய்யா என்று பார்க்கத்தான் வந்தேன். மறைக்கவில்லை.

பலகை பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. உங்கள் எழுத்து. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எதிர்க்கடையில் பென்சில் வாங்குகிற சாக்கில் நின்றேன். ஒருவர் வந்தார், பலகையை நிமிர்ந்து பார்த்தார், டயர் விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார். கறுப்புக் கண்ணாடி அம்மா இரண்டு தடவை படியைத் தாண்டி நடந்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார். "மேல குடிகாரங்க கூட்டமாம். யார் யார் ஏறுறாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கோம், நல்லாப் பொழுது போகுது" என்றான் கடைக்காரன்.

ஏன் இத்தனை நாள் அங்கே பலகை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான்கூட ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத்தானே உங்களோடு சண்டை போடுவேன்?

மாடி ஜன்னலில் உங்கள் தலை மட்டும் தெரிந்தது. ஏறி வரலாமா என்று நினைத்தேன். நானும் ஏறவில்லை.

பாப்பாவின் அம்மா

ஏப்ரல் 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பலகையைக் கழற்றிவிட்டேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. விற்கிறவன் விளக்குப் போட்டு விற்கிறான், விடுகிறவன் ஒளிந்து ஒளிந்து விட வேண்டுமா? இப்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் என் கோபத்துக்காக அந்த அம்மாவை ஊருக்கு முகம் காட்டச் சொல்ல முடியாது.

ஓட்டுநர் கத்தித் தீர்த்தார். "எங்களை ஊருக்கே காட்டிக் குடுத்துட்டியேப்பா! யாரு இனிமே வருவா?" சாவியை என் கையில் திணித்தார். "நீதானே கூப்பிட்டே. நீயே தொறந்து வச்சு உக்காரு."

உட்கார்ந்திருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறேன், ஒருவரும் இல்லை. ஜன்னலில் பார்த்தால் முனையில் நான் எழுதிய மஞ்சள் பலகை. இறங்கிப் போ, போ என்கிறது கால். அதை அடக்கத்தான் உனக்கு எழுதுகிறேன்.

இரு, படியில் சத்தம். பாதியில் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் இறங்கிவிடுவார்கள்.

கறுப்புக் கண்ணாடி அம்மாதான். வந்து கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "காலை ஆட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

இங்கிருந்து எழுத்து சாய்ந்திருக்கும். குடியில்லை. தன்னைப் பற்றி எழுதுகிறேனோ என்று அவர் பயந்துவிடக் கூடாதே என்று தாளைப் பார்க்காமல் மடியில் வைத்து எழுதுகிறேன்.

நம்பு.

பாப்பாவின் அப்பா