ஈரப் புல்

மார்ச் 8, ஞாயிறு

மைதானத்தில் தண்ணீர் பீய்ச்சும் சத்தத்தில்தான் கண் விழித்தேன். இன்று ஆட்டம் என்று அர்த்தம். எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புல் குட்டையாக இருக்க வேண்டும், ஆட்டத்துக்கு முன் நனைந்திருக்க வேண்டும், பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் - இது என் வீட்டுக்காரருடைய வேதவாக்கு. கால்பந்து கிளப்புக்கு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர், தூக்கத்தில்கூடப் புல்லைப் பற்றித்தான் உளறுகிறார்.

ஜெயித்தோம். என் தம்பி வழக்கம்போல் சாப்பிட வந்தான். அவன் இவருக்கு உதவிப் பயிற்சியாளர். சேர்த்துக்கொள்ளச் சொல்லி இவரை நச்சரித்தது நான்தான். மேஜையில் மறுபடியும் புல் சண்டை.

"கொஞ்சம் வளர விடுங்க மாமா, எதிராளி ஓடி ஓடிக் களைச்சுப்போவான்."

"நம்ம பசங்களும்தான்டா களைச்சுப்போவாங்க."

"ரெண்டு பேரும் என்ன மாடா? புல்லை விட்டுட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

மே மாதத்தோடு இவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அதைப் பற்றிக் கேட்டால் கிளப் தலைவர் "பார்க்கலாம்" என்கிறாராம்.

மார்ச் 19, வியாழன்

பேப்பரில் இவர் படம். 'கோப்பை நாயகன் நீடிப்பாரா?' நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று வேறு பேச்சே இல்லை. ஒருவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்துகொண்டு, பலகையில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல், "சார் இருப்பாரா, போயிடுவாரா?" என்கிறார். "அதைக் காட்டுற கண்ணாடி எங்க கடையில இல்லைங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

ஜெயிக்கிற மனிதரிடம் என்ன 'பார்க்கலாம்'? இன்னும் எதைப் பார்க்க வேண்டுமாம்?

மார்ச் 31, செவ்வாய்

ஞாயிறன்று முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தவர், "போதும்டி, கால் கெஞ்சுது" என்றார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்தில் போய் நிற்கிறார். திருந்தாத ஜென்மம்.

இதைப் போனில் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நிஜமாவா? போதும்னா சொன்னார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மாமா மேல் அவ்வளவு அக்கறை. "மாமாவை அனுப்பினா நானும் பையைத் தூக்கிட்டு வந்துடுவேன்க்கா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 15, புதன்

இன்றும் 'பார்க்கலாம்'தான்.

மே 10, ஞாயிறு

மூன்றாவது கோப்பை! தம்பி இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தையே சுற்றி வந்தான். மேடையில் தலைவர் இவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தாரே தவிர, ஒப்பந்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மே 14, வியாழன்

இவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஒப்பந்தம் இல்லை. தலைவர் தேனொழுகச் சொன்னாராம்: "உங்களுக்கே போதும்னு ஆயிடுச்சாமே. கால் கெஞ்சுதுன்னு சொன்னீங்களாம். உடம்புதான் சார் முக்கியம்."

"அதை இந்த சோபாவுலதானே சொன்னேன்?" என்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. குழப்பம்தான்.

தம்பியிடம் சொன்னேன் என்றேன். சும்மா, சிரிப்பதற்காகச் சொன்னேன் என்றேன்.

இவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

மே 15, வெள்ளி

தம்பி போனை எடுக்கவில்லை. யாரிடமாவது வருத்தப்பட்டுச் சொல்லியிருப்பான், அது தலைவர் காதுக்குப் போயிருக்கும். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 18, திங்கள்

அறிவித்துவிட்டார்கள். புதிய பயிற்சியாளர் - என் தம்பி.

பாவி. எப்படிடா மனசு வந்துச்சு? பையைத் தூக்கிட்டு வந்துடுவேன்னு சொன்னியேடா. என் வாயை வச்சே என் புருஷனைக் கவுத்துட்டியேடா. எத்தனை ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே!

மே 24, ஞாயிறு

வந்தான். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினேன்.

"அவங்க எப்படியும் மாத்துறதாதான் இருந்தாங்க அக்கா. நான் இல்லேன்னா வேற ஒருத்தன் வந்திருப்பான்."

"வேற ஒருத்தன் வந்திருந்தா எனக்குத் தம்பின்னு நீ மிஞ்சியிருப்பே."

போய்விட்டான். பழக்க தோஷத்தில் மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தேன். இவர்தான் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

புதிய சீசனின் முதல் ஆட்டம். காலையில் தண்ணீர் சத்தமே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மாடு மேயலாம், அவ்வளவு புல். இவர் வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்துவிட்டு, போக இடமில்லாமல் எல்லாச் சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டார்.

தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது. யாரிடம் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 19, சனி

இதுவரை ஒரு ஆட்டம்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை. இவர் இப்போது ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாலையில் தம்பியிடமிருந்து போன். வாசலோடு அனுப்பிய பிறகு இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு ஆட்டம். புல்லை வெட்டிட்டேன். மாமா எவ்வளவு நேரம் தண்ணி விடுவார்? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

அவன் குரல் இவருக்கும் கேட்டிருக்கிறது. பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நேரக் கணக்கெல்லாம் கிடையாதுன்னு சொல்லு. நுனி பளபளக்கிற வரைக்கும் விடணும். அதுக்கு மேல விட்டா சேறாயிடும்" என்றார்.

இந்த வீட்டுப் பேச்சை ஒரு தடவை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தது போதும்.

"மாமா ஒண்ணும் சொல்லலைப்பா" என்று வைத்துவிட்டேன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

காலையில் தண்ணீர் சத்தம். நான் எழுந்து வந்தபோது இவர் ஏற்கெனவே ஜன்னலருகில் நின்றுகொண்டிருந்தார். நான் காபி போட்டேன், ஆறியது, மறுபடி சூடாக்கினேன். தண்ணீர் நிற்கவில்லை.

"போதும்... நிறுத்துடா" என்று இவர் முணுமுணுத்தார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன்.